சரக்கு சுத்தமா இருந்தா போதும்தானே? மதுரைல செக்கு எண்ணெய் போடப் போறேன், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கேள்வி: 2 ஆகஸ்ட் 2025, மாலை 6:15

வணக்கம். ஊரு திருமங்கலம். சென்னைல ஐடில 9 வருசம் ஓட்டிட்டேன், கைல 12 லட்சம் சேத்து வச்சிருக்கேன். தையோட வேலைய விட்டுட்டு மதுரைல மரச்செக்கு எண்ணெய் போடலாம்னு முடிவு. மெஷினு, ஷெட்டு, அட்வான்ஸ், கரண்டு கனெக்சன் எல்லாம் சேத்து 9 லட்சம் ஆகுது. கடலெண்ணெய் லிட்டர் 330 ரூபா வைக்கலாம்னு இருக்கேன். சரக்கு சுத்தமா இருந்தா ஜனங்க தானா தேடி வருவாங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்ங்கிறது என் நம்பிக்கை. தொழில்ல பழுத்த சார் யாராவது இது சரியா தப்பான்னு சொல்லுங்க.

2 ஆகஸ்ட், இரவு 10:05

சார் இல்ல தம்பி, அக்கா. வில்லாபுரத்துல அப்பளம் போடுறேன், 1998ல வீட்டு மச்சுல எட்டு கிலோ உளுந்த மாவோட ஆரம்பிச்சது, 27 வருசம் ஆச்சு.

சரக்கு சுத்தமா இருக்கணும், அதுல பேச்சே இல்ல. நல்ல சரக்குன்னா ஒருதடவ வாங்குனவங்க மறுபடி வாங்குவாங்க, அவ்வளவுதான். முதல்தடவ வாங்க வைக்கிறது வேற சோலி. வாங்குனவங்ககிட்ட இருந்து காச வாங்குறது அதவிட பெரிய சோலி, நீங்க அதப்பத்தி ஒரு வார்த்தகூட எழுதல.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கடைகளுக்குக் கடன் குடுக்காதீங்க. ஒரு ரூபாகூட.

3 ஆகஸ்ட், காலை 5:50

மாவு பிசையப் போட்டுட்டு வந்து உக்காந்தேன். உங்க 330 மண்டைல ஓடிக்கிட்டே இருந்துச்சு, ராத்திரியே பேப்பர்ல போட்டுப் பாத்தேன்.

ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டர கிலோ பருப்பு வேணும்னு வைங்க. பருப்பு கிலோ 120ன்னா 300 ரூபா. புண்ணாக்கு ஒரு கிலோ நானூறு கிராம் விழும், கிலோ 40ன்னு வித்தா 56 திரும்ப வரும். ஆக 244. பாட்டிலு, மூடி, லேபிலு, பெட்டி 18. கரண்டு, கூலி 20. மொத்தம் 282. உங்க 330ல இருந்து கழிச்சா 48 ரூபா நிக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கு.

இப்ப கடைக்காரரு 15 சதவீதம் கேக்குறாரு. 49 ரூபா 50 பைசா! உங்க 48 முழுசாப் போயி கைக்காசு ஒண்ணரை ரூபாயும் போச்சு. இன்னும் வாடக சேக்கல, எண்ணெய்க்கு உள்ள 5 சதவீத ஜிஎஸ்டி சேக்கல, கசடு நிக்கிறது, பாட்டில் ஒழுகி ரிட்டன் வர்றது எதுவும் சேக்கல. எல்லாத்துக்கும் மேல உங்க சம்பளம் சேக்கல. சொந்தத் தொழில்தானன்னு சம்பளம் போடாம விலை வச்சா அது விலையே இல்ல தம்பி, உங்க உழைப்ப ஊருக்கு இனாமா குடுக்குறீங்க. நான் ஆறு வருசம் அப்படித்தான் குடுத்தேன். வீட்டுக்காரரு மில்லுச் சம்பளத்துல சோறு நடந்ததால எனக்கு அது தெரியவே இல்ல, 2004ல மில்ல மூடுனப்பதான் அப்பளத்துல லாபமே இல்லன்னு தெரிஞ்சது.

3 ஆகஸ்ட், மதியம் 2:30

மேல போட்டதுல ஒரு திருத்தம். எண்ணெய்க்கடை வச்சிருக்குற ஒரு அண்ணன், எண்ணெய்க்கு யாரும்மா 15 குடுக்குறா, 10தான்னு எழுதியிருக்காரு. அவரு சொன்னா சரிதான், 15 அப்பளக் கணக்கு. 10ன்னே வைங்க, 33 போக லிட்டருக்கு 15 நிக்கும். தெனம் 40 லிட்டரு, மாசம் 26 நாளு ஓட்டுனா 15,600 ரூபா. அதுல ஷெட்டு வாடக குடுத்துட்டு மிச்சத்த ஐடில வாங்குன சம்பளத்தோட பக்கத்துல வச்சுப் பாருங்க.

பயமுறுத்துறதுக்கு எழுதல. கடைக்குப் போடாம நேரா வீடுகளுக்குப் போட்டா இதே கணக்கு வேற மாதிரி வரும். எங்க விக்கப் போறோம்ங்கிறத முடிவு பண்ணாம விலைய முடிவு பண்ணக்கூடாது, அதத்தான் சொல்ல வந்தேன்.

5 ஆகஸ்ட், இரவு 9:20

ஏன் கடன் குடுக்காதன்னு சொன்னேன்னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. சொல்றேன்.

2009. வெளியூரு மொத்த வியாபாரி ஒருத்தரு. மூணு மாசம் கைல காசு, வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே. அடுத்து பதினஞ்சு நாள் தவணை, சொன்ன தேதிக்கு வந்துச்சு. தை மாச முகூர்த்தம் வர்றதுக்கு முன்னாடி ஆர்டர் ரெண்டு மடங்கு, அப்புறம் மூணு மடங்கு. எங்களுக்கு சந்தோசம்னா சந்தோசம், புதுசா ஆறு பேர வேலைக்குச் சேத்தோம். 2,40,000 ரூபா சரக்கு போயிருச்சு. அதுக்கப்புறம் போன எடுக்கல. பதினோரு தடவ பஸ்ஸேறிப் போனேன். சில நாளு கடை பூட்டியிருக்கும், சில நாளு காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிருவாரு. ரெண்டு வருசத்துல பிச்சுப் பிச்சு 85,000 வந்துச்சு, மிச்சம் வரவே இல்ல.

அந்தத் தை மாசம் எங்ககிட்ட அப்பளம் தேய்ச்ச அக்காமாருக்குக் கூலி குடுக்க என் வளையல அடகு வச்சேன். அதுல வருத்தமில்ல, அவங்க கூலிதான முதல்ல. ஆனா அந்த ஆளு கடைசி மூணு ஆர்டர்ல விலையே பேசல. அதுவரைக்கும் கட்டுக்கு அம்பது பைசா குறைன்னு அரை மணி நேரம் மல்லுக்கட்டுனவரு திடீர்னு, நீங்க சொல்றதுதாம்மா விலைன்னுட்டாரு. எனக்கு அப்ப அது மரியாதையாத் தெரிஞ்சது. குடுக்குற எண்ணம் இருக்குறவங்க விலை பேசுவாங்க தம்பி, இத எங்கயாவது எழுதி வச்சுக்கங்க.

6 ஆகஸ்ட், இரவு 11:00

கீழமாசி வீதில மளிகை மொத்தக்கடை வச்சிருக்குற ஒருத்தரு கோவமா எழுதியிருக்காரு, கடனில்லாம மதுரைல எவன் யாவாரம் பண்ணுறான், தம்பிய குழப்பாதீங்கன்னு. படிச்சதும் எனக்கும் கோவம்தான் வந்துச்சு. பொறவு தூக்கமில்லாம யோசிச்சுக்கிட்டே கிடந்தேன், அவரு சொல்றதுல நெசம் இருக்கு.

2016 நவம்பர் 8, செவ்வாக்கிழம ராத்திரி நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க. எங்களுக்கு சனிக்கிழமதான் கூலி. 22 அக்காமாரு, பாதிப் பேருக்கு அன்னைக்கு பேங்க் கணக்கே கிடையாது. கைல இருந்ததெல்லாம் பழைய ஐநூறு. கரண்ட் அக்கவுண்ட்ல இருந்து வாரத்துக்கு 50,000தான் எடுக்கலாம்னு வந்துச்சு, அதுக்கும் வரிசைல நின்னா மத்தியானம் காசு தீந்து போயிரும். என்ன பண்றதுன்னு தெரியாம, நான் பதினெட்டு வருசமா உளுந்து வாங்குற கடைக்காரர்கிட்ட போயி நின்னேன். அவரு ஒண்ணும் கேக்கல. ஒரு கணக்கு நோட்டுப் புத்தகத்த எடுத்து என் பேரெழுதி, உன் ஆளுகளுக்கு அரிசி பருப்பு எண்ணெய் என்ன வேணுமோ ஒவ்வொருத்தரா அனுப்பும்மா, நான் உன் பேருல எழுதிக்கிறேன்னாரு. மூணு வாரம் 22 வீட்டுல அதுலதான் அடுப்பெரிஞ்சது. தைக்குள்ள முழுசாத் தீத்துட்டேன்.

அது கடன்தான? அன்னைக்கு அது இல்லைன்னா என் தொழில் என்ன ஆகியிருக்கும்?

அதனால முதல்ல எழுதுனத மாத்திக்கிறேன். கடனே குடுக்காதன்னு சொன்னது தப்பு. அந்த அண்ணன் என்னை மன்னிக்கணும். எவ்வளவு, யாருக்கு, எது வரைக்கும்னு தெரியாம குடுக்காதன்னுதான் சொல்லியிருக்கணும்.

7 ஆகஸ்ட், காலை 6:10

எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு தம்பி கேக்குறாரு. என்னைய நீன்னே சொல்லுங்கக்கான்னும் கேட்டிருக்காரு, சரி.

நான் செய்யுறது இதுதான். ஒவ்வொரு கடைக்கும் நோட்டுல ஒரு பக்கம். பழைய பில்லு வந்தாத்தான் புதுச் சரக்கு இறங்கும், லைன்ல பில்லுக்கு பில்லும்பாங்க. கடைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அந்தக் காசு மொத்தமா முங்கிப் போனாலும் அந்த வாரம் சனிக்கிழமக் கூலிக்கு இழுக்கக்கூடாது, அதுதான் வரம்பு. எவ்வளவு சொந்தக்காரரா இருந்தாலும் இதுதான். என் நாத்தனாரு கடைக்கும் இதேதான், ஒரு தீவாளிக்கு எங்க வீட்டுக்கே வரல அவுக, பொறவு சரியாயிருச்சு.

இப்ப உன் கணக்குக்கு வா. தெனம் 40 லிட்டரு கடைகளுக்குப் போடுற, ஒரு மாசத் தவணை. 26 நாளுக்கு 1,040 லிட்டரு, உன் அடக்கம் 282ன்னா 2,93,000 ரூபா வெளிய தூங்கும். பருப்பு தெனம் நூறு கிலோ, பருப்புக்கு முதல் வருசத்துல உனக்கு யாரும் தவணை குடுக்க மாட்டாங்க, பதினஞ்சு நாள் சரக்கு கைல வச்சா 1,80,000. ஆக நாலே முக்கால் லட்சம். உன்கிட்ட மெஷினுக்குப் போக இருக்குறது 3 லட்சம்.

இதுல என்ன கொடுமைன்னா, யாவாரம் படுத்தா தப்பிச்சிருவ. நல்லா ஓடி 80 லிட்டரு ஆச்சுன்னு வையி, ஒம்பதர லட்சம் தூங்கும். ஆர்டர் கூடக் கூடக் கைல காசு இல்லாமப் போகும். நோட்டுல லாபம் இருக்கும், பருப்பு வாங்கக் காசு இருக்காது, கந்துவட்டிக்குப் போவ. நல்ல சரக்கு, நல்ல பேரு, நல்ல ஆர்டரு எல்லாம் இருந்து மூடுன யூனிட்டுகள இந்த ஏரியாவுலயே என் கண்ணால பாத்திருக்கேன், அவங்களுக்கெல்லாம் இதுதான் நடந்துச்சு. அந்தப் பிள்ளைங்க யாரும் சோம்பேறி இல்ல.

9 ஆகஸ்ட், மதியம் 3:45

"தொழில்னா கோயம்புத்தூர் போங்க, மதுரை கோயிலுக்கும் சாப்பாட்டுக்கும்தான்"னு ஒருத்தரு எழுதியிருக்காரு. இத சும்மா விட முடியாது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல டிவிஎஸ்ஸ ஆரம்பிச்சது எந்த ஊருல? எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் அப்பள மூட்டைய டிவிஎஸ் வண்டிலதான் கட்டி எடுத்துட்டுப் போறாரு. சரி அது பெரிய இடம், விடுங்க. அரவிந்த் கண்ணாஸ்பத்திரிய எடுத்துக்கங்க. டாக்டர் வெங்கடசாமி கவர்மெண்டு வேலைல ரிட்டயர் ஆகி, 58 வயசுல, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு. முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போன மனுசன், அந்தக் கையாலதான் ஆபரேசன் பண்ணாரு. காசு குடுக்க முடிஞ்சவங்க குடுப்பாங்க, முடியாதவங்களுக்கு இலவசம், ரெண்டும் அதே டாக்டர்மாருதான். வெளிநாட்டுல இருந்து வந்த கண்ணு லென்ஸ் விலை ஏழபாழைக்குக் கட்டுபடியாகலன்னு 1992ல அரோலேப்னு இங்கயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சாங்க. எங்க மாமனாருக்கு அங்கதான் ஆபரேசன். லென்ஸ் இங்கனயே செஞ்சதுன்னு நர்ஸம்மா சொன்னப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு.

என்னோட அப்பளத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னா, பெரும்பாலும் நாம செலவக் கூட்டி அதுமேல லாபம் வச்சு விலை சொல்லுவோம். அவங்க ஜனங்களால எவ்வளவு முடியும்னு முதல்ல பாத்துட்டு, அதுக்குள்ள செலவ எப்படி அடக்குறதுன்னு பாத்தாங்க. 2015 கடைசில உளுந்து விலை தாறுமாறா ஏறுனப்ப நான் அதத்தான் செஞ்சேன். நம்ம உளுந்து நெறய பர்மாவுல இருந்து வர்றது, அங்க ஒண்ணுன்னா இங்க கையப் பிடிக்கும். கட்டு விலைய ஏத்தல, பெட்டிக்கடைல ஜனம் அந்தப் பத்து ரூபாக் கட்டத்தான் கேக்கும், பன்னெண்டுன்னா வேணாம்னு போயிரும். எண்ணிக்கையக் குறைச்சு, கட்டு மேல எண்ணிக்கைய பெருசா அடிச்சு, கடை கடையா நானே போயிச் சொன்னேன். சொல்லாம குறைச்ச ஒரு கம்பெனிய அந்த வருசம் கடைக்காரங்க ஒதுக்குனாங்க.

14 ஆகஸ்ட், இரவு 8:30

ஆடி முடியப் போகுது, ஆவணி முகூர்த்த ஆர்டரு வந்துருச்சு, அதான் ஆளக் காணோம். ஆடியும் மார்கழியும் எங்களுக்குப் படுத்த மாசம், கல்யாணச் சமையல் கிடையாது. புதுசா வர்றவங்க வருசத்துல எந்த ரெண்டு மாசம் காசு வராதுன்னு மொதல்லயே தெரிஞ்சு வச்சுக்கணும்.

சட்டத்துல 45 நாள்ல பணம் குடுத்தாகணும்னு இருக்கே, அத வச்சு வசூலிக்க முடியாதான்னு தம்பி கேட்டிருந்தான். ஆமா இருக்கு. 2006ல வந்த குறு சிறு தொழில் சட்டம், உத்யம்னு மத்திய அரசுல சிறு தொழிலாப் பதிவு வச்சிருக்குற எல்லாருக்கும் 45 நாள்ல வாங்குனவங்க பணம் குடுக்கணும், தாமதமானா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்துல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம், ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்குற ஏஜென்ட்டுகிட்ட போகாத.

15 ஆகஸ்ட், காலை 7:00

நேத்து எழுதுனதுல ரெண்டு தப்பு, கணக்கு எழுதுற ஒரு தங்கச்சி திருத்துச்சு. நன்றிம்மா.

ஒண்ணு, "எல்லாருக்கும்" இல்ல. செஞ்சு விக்கிறவங்களுக்கும் சேவைத் தொழிலுக்கும்தான். வாங்கி விக்கிற யாவாரிகள் உத்யம் பதிவு பண்ணலாம், ஆனா அது பேங்க் கடனுக்குத்தான் உதவும், இந்த 45 நாள் பாதுகாப்பு அவங்களுக்கு வராது. தம்பி, நீ ஆட்டி விக்கிறதால உனக்கு உண்டு. வேற ஊருல ஆட்டுன எண்ணெய வாங்கி லேபில் ஒட்டி வித்தா அந்தக் கதை வேற.

ரெண்டாவது, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாத்தான் 45 நாள் வரைக்கும். ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள்தான். இது எனக்கே இத்தன வருசமாத் தெரியாது.

நெசத்தச் சொன்னா நான் எந்தக் கடை மேலயும் புகார் குடுத்ததில்ல. தெருமுனைக் கடைக்காரரு மேல கேஸ் போட்டுட்டு மறுநாள் அவருக்கே அப்பளம் போட முடியுமா? ஆனா பெரிய கடைங்க விசயம் வேற. 2014ல ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போட்டேன். பேச்சு 60 நாளு, வந்தது 110 நாளு. நடுவுல ஒடைஞ்சதுன்னு ரிட்டன், அலமாரில வைக்க காசுன்னு புதுசு புதுசாப் பிடிச்சாங்க. வெளிய வந்துட்டேன். இப்ப 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரில ஒரு மாத்தம் வந்திருக்கு, எங்கள மாதிரி குறு சிறு யூனிட்டுக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலைன்னா, குடுக்குற வருசம் வரைக்கும் அத அவங்க செலவாக் காட்ட முடியாது. அதுலருந்து மார்ச் மாசமானா அவங்க ஆடிட்டரே போன் பண்ணி உத்யம் சர்டிபிகேட் அனுப்புங்கம்மாங்குறாங்க. பில்லுலயே உத்யம் நம்பர அடிச்சு வச்சுரு தம்பி.

27 ஆகஸ்ட், இரவு 9:55

அப்பளம் போட ஆசைப்படுற ஒரு பொண்ணு ஜிஎஸ்டி கேட்டிருக்கு. அப்பளத்துக்கு வரி இல்லம்மா. அப்பளம் மட்டுமே விக்கிறன்னா பதிவே வேணாம். அதுல ஒரு குழி இருக்கு, நான் விழுந்தது. 2019ல கூட வத்தலும் போடலாமேன்னு மெஷின்ல பிழியுற கலர் வத்தல வெளிய வாங்கி பாக்கெட் போட்டு வித்தேன், கொஞ்சூண்டு. அதுக்கு அப்ப 18 சதவீதம் (2023லதான் 5 ஆச்சு). சரக்குக்கு 40 லட்சம் வரை பதிவு வேணாம்ங்கிறாங்களே, நம்ம வத்தல் ரெண்டு லட்சம்கூட இல்லையேன்னு இருந்துட்டேன். அந்த 40 லட்சத்துல வரியில்லாத அப்பள விற்பனையும் சேரும்! என் அப்பளம் அப்பவே 40 தாண்டிருச்சு. அபராதத்தோட கட்டி முடிச்சு வத்தல விட்டேன்.

வரி இல்லைன்னதும் சந்தோசப்படாத. பிளாஸ்டிக் கவருக்கு 18 சதவீதம் கட்டி வாங்குறோம், நாம வரி வசூலிக்காததால அது நமக்குத் திரும்ப வராது. அதையும் அடக்கத்துல சேத்துதான் விலை போடணும்.

23 செப்டம்பர், காலை 6:30

நேத்துல இருந்து அட்டைப்பெட்டிக்கு வரி 12ல இருந்து 5 ஆச்சு. எங்களுக்கு அது அப்படியே மிச்சம். பெட்டிக்காரரு பழைய விலையவே சொன்னாரு, பில்லக் காட்டி குறைச்சு வாங்கினேன். கவர் அதே 18தான்.

5 அக்டோபர், இரவு 10:20

தம்பி வேலைய விடல! படிச்சதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. மெஷின் அட்வான்ஸ நிறுத்திட்டு, திருமங்கலத்துல ஓடுற ஒரு செக்குல கூலிக்கு ஆட்டி, அம்மாவ வச்சு ரெண்டு மாசமா வீடுகளுக்குப் போட்டுப் பாக்குறானாம். 64 வீடு பிடிச்சிருக்கான். 41 வீடு ரெண்டாந்தடவ வாங்கியிருக்கு. இதுல எனக்கு முக்கியமாப் படுறது வாங்காத 23 வீடு. நீ போன்ல கேக்காத, அம்மாவ நேர்ல போயிக் கேக்கச் சொல்லு. வாசம் கூடவா இருக்கா, அடில கசடு நிக்குதா, இல்ல விலையா. பொம்பளைங்க பொம்பளைங்ககிட்டதான் சொல்லுவாங்க.

வீடுகள்லயே 7,400 நிலுவைன்னு எழுதியிருக்க. யாரு யாருன்னு தனித்தனியாப் பக்கம் போட்டிருக்கியா, இல்ல மொத்தமா ஒரே நம்பரா? மொத்தமாத்தான்னா இன்னைக்கு ராத்திரியே பிரிச்சு எழுது.

11 அக்டோபர், மாலை 5:40

ரெண்டு நாளா மழ. காயப்போட்டதெல்லாம் உள்ள அள்ளியாச்சு, டிரையர்ல போட்டா கரண்டு பில்லு எகிறும், தீவாளி 20ஆம் தேதி வந்துருச்சு. அக்காமாருக்கு தீவாளிக் காசு 17க்குள்ள குடுத்தாகணும், அதுக்கு வரவேண்டியத எல்லாம் இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டேன். தீவாளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்மான்னு சொல்லுற கடைக்கு இந்தத் தீவாளிக்கு சரக்கு இல்ல.

தம்பி பக்கம் பக்கமாப் பிரிச்சு எழுதி போட்டோ அனுப்பியிருக்கான். 7,400ல 4,100 ஒரே வீடு, சொந்தப் பெரியப்பா வீடு. கேக்கக் கூச்சமா இருக்குக்கா, என்ன பண்றதுன்னு கேக்குறான். நீ போகாத. அம்மாவும் போக வேணாம். அடுத்த பாட்டிலக் கேக்கும்போது பழைய பில்லையும் புதுப் பில்லையும் ஒண்ணா எழுதிக் கைல குடு, பெரியம்மா கைல. நான் நாத்தனாருக்குச் செஞ்சது அதுதான்.

கீழமாசி வீதி அண்ணன் தம்பிக்குப் பருப்பு ஆள் ஒருத்தரக் காட்டுறேன்னு சொல்லியிருக்காரு. சனிக்கிழம போகாத, அன்னைக்கு அவருக்கு வசூல் நாளு. திங்கக்கிழம வெள்ளனப் போ, நோட்ட எடுத்துட்டுப் போ.